அக்கா வைத்த கைநாட்டு

ரப்பர் ஸ்டாம்புக்கு மை தொடுகிற தகரப் பெட்டி ஒன்று எல்லா ஆபீஸ்களிலும் இருக்கும். அதன் மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். எனக்கு அந்த வாசனை ஆகாது. நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அந்தப் பெட்டியை அடுத்தவர் மேஜைக்குத் தள்ளிவிடுவேன். ஏன் சார் என்று கேட்டால் தலைவலி என்பேன். தலைவலி இல்லை. குமட்டல்.

நான் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து, மறுபடி உள்ளே போனவன். இதைக் கேட்கிறவர்கள், "பரவாயில்லையே, விடாம நின்னு ஜெயிச்சிருக்கீங்களே" என்கிறார்கள். நான் நின்றேனா, யாரை நிற்க வைத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்குத் தொட்டியம் பக்கம். வாழை போட்டிருந்தோம். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் இருந்தது, அதனால் அவள் படிப்பும் அஞ்சாவதோடு நின்றது. அவளாக நிறுத்தியிருக்க மாட்டாள். கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிறவள் அவள். பொட்டலம் கட்டி வந்த காகிதம், சினிமா சுவரொட்டி, பஸ் போர்டு, தீப்பெட்டியின் மேலட்டை, எதையும் விட மாட்டாள். கடலை வாங்கினால் கடலையை எனக்குக் கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பாள். பாதிக் கதையில் காகிதம் கிழிந்திருந்தால் கடைக்காரனைத் திட்டுவாள்.

கல்யாணமாகி அவள் ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். அத்தானுக்குத் திருச்சியில் வாழைக்காய் மண்டியில் வேலை. அம்மா மண்டபம் போகிற வழியில், ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் இரண்டு அறைகள். அங்கே தங்கித்தான் நான் திருச்சிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தேன். அந்த ஆறு குடித்தனங்களுக்கும் கடிதம் படித்துச் சொல்வதும் பதில் எழுதிக் கொடுப்பதும் அக்காதான். தபால்காரர் வந்தால் பெண்கள் கடிதத்தோடு நேராக அவளிடம் வந்துவிடுவார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு படிப்பாள். கையெழுத்துப் போடுவதில் அவளுக்குத் தனிப் பெருமை. கடைசி எழுத்தின் கீழே சின்னதாக ஒரு கோடு இழுப்பாள். எதுக்குக்கா கோடு என்று நான் கேலி செய்தால், "ஆபீசருங்க எல்லாம் இழுக்கறாங்கல்ல" என்பாள்.

அந்த வீட்டில் பரீட்சைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நாள் காலையில் அக்கா குளித்துவிட்டுத் தாயார் சந்நிதிக்குப் போய் மஞ்சள் வாங்கி வருவாள். அதை ஒரு காகிதத்தில் மடித்து என் சட்டைப்பையில் தானே வைப்பாள். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் நான் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும், "தொட்டியா?" என்று கேட்பாள், அவளிடம் பொய் சொல்ல வராது. மஞ்சள் மடிக்கிற காகிதத்துக்கு என்னுடைய பழைய நோட்டுகள் இருந்தன. படித்து முடித்த நோட்டுகளை நான் சமையலறை மாடத்தில் போடுவேன், அவள் அவற்றிலிருந்து கிழித்துக்கொள்வாள்.

அறுபதுகளின் தொடக்கம், கடைசி வருஷப் பரீட்சை, ரசாயனம் இரண்டாம் தாள். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் மேற்பார்வைக்கு நின்றார். நான் வழக்கப்படி பையைத் தொட்டேன். அவர் பார்த்துவிட்டார். நேராக வந்து, இரண்டு விரலை என் சட்டைப்பைக்குள் விட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மஞ்சள் பொடி என் விடைத்தாள் மேல் கொட்டியது. காகிதத்தில் என் கையெழுத்தில், நெருக்க நெருக்கமாகச் சமன்பாடுகள். அதில் ஒன்று அன்றைக்கு மூன்றாவது கேள்வி.

"என்னப்பா இது, மஞ்சளா கெமிஸ்ட்ரியா?"

"அக்கா மடிச்சுக் குடுத்தாங்க சார்."

"அக்கா மடிச்சுக் குடுத்தாங்களா? நல்ல அக்காவாத்தான் வாச்சிருக்காங்க."

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்கு அழைத்துப் போனார்கள். இந்தக் காகிதம் என் பையில் இருந்தது, இதில் இருப்பது என் கையெழுத்து என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டும் உண்மை, எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் எப்படி வந்தது என்று எழுதப் போனபோது, அதெல்லாம் வேண்டாம் என்று தாளை இழுத்துக்கொண்டார்கள்.

அக்கா எடுத்தது பழைய நோட்டு என்று நினைத்துத்தான். அது பழைய நோட்டு இல்லை. முதல் நாள் ராத்திரி படித்து முடித்த அலுப்பில், அந்தப் புது நோட்டையும் பழையவற்றோடு மாடத்தில் போட்டது நான். அவளுக்குத் தமிழ்தான் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எந்தப் பக்கத்தில் என்ன இருந்தால் அவளுக்கு என்ன? நடந்தது அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று அன்றைக்கு யோசித்தேன். மூளைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒன்றரை மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. நான் வீட்டில் இல்லை. அக்காதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். இங்கிலீஷில் இருந்ததால் நல்ல சேதி என்று நினைத்துவிட்டாள். நான் பிரித்துப் படித்தேன். பரீட்சை ரத்து, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்லூரியிலும் சேரக் கூடாது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கல்லூரி முதல்வர் வழியாக. அதாவது என்னை நீக்கலாம் என்று எழுதி அனுப்பினாரே, அவர் வழியாக.

முதல்வரைப் பார்க்க மூன்று நாள் வராந்தாவில் நின்றேன். நான்காம் நாள் கல்லூரி ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும், பேசும்போது முகத்தை அண்ணாந்துகொள்வார். இந்த மாதிரி மனு எழுதுவதில் அவர் கெட்டிக்காரர் என்று மாணவர்களிடையே பெயர்.

"நான் டிராப்ட் பண்ணின அப்பீல் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல, தெரியுமா? சொல்லு, என்ன நடந்துது?"

சொன்னேன். நோட்டை மாடத்தில் போட்டது வரைக்கும் எல்லாம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா படிச்சவங்களா?"

"அஞ்சாவது சார். தமிழ் நல்லாப் படிப்பாங்க. இங்கிலீஷ் தெரியாது."

"கெட்டுது போ. தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியாது, பழைய நோட்டு, புது நோட்டு... இவ்வளவையும் யாருப்பா உக்காந்து கேக்கப் போறான்? ஒரே வார்த்தை போதும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க. முடிஞ்சுது. அவங்க ஒரு ஸ்டேட்மெண்ட் குடுக்கட்டும், கீழ கைநாட்டு வைக்கட்டும். நேர்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க, அங்கயும் அதையே சொல்லட்டும்."

"அவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்."

"உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?"

அவருக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. பதிவுத் தபாலை யார் வாங்கினார்கள் என்று கேட்டார். அக்கா என்றேன். எழுந்து போய் என் பைலை எடுத்து வந்தார். தபால்காரர் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பிய பழுப்பு அட்டை அதில் கோத்திருந்தது. அக்காவின் பெயர், அழகாக, கடைசி எழுத்தின் கீழே கோடு. ஹெட் கிளார்க் அதை நூலிலிருந்து உருவி, நாலாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டார். கூடையில் ஏற்கெனவே அவர் துப்பிய பாக்கு கிடந்தது. பிறகு என்னைப் பார்த்து, தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொள்கிற மாதிரி சிரித்தார்.

சீ என்று எழுந்து வந்திருக்க வேண்டும். "ரொம்ப நன்றி சார்" என்றேன். அடுத்த வாரம் அத்தானிடம் சொல்லி ஒரு தார் பூவன் பழம் அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

அட்டையைக் கிழித்த அன்று சாயங்காலம் அக்கா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் விரல் நின்றது.

"எழுதத் தெரியாதுன்னு சொல்லணுமா?"

"ஆமாக்கா. படிக்கவும் தெரியாதுன்னு சொல்லணும். ஒரே ஒரு தடவைதான்."

"வேற என்ன வேணா சொல்றேன் தம்பி. எனக்குப் பைத்தியம்னு வேணா எழுதிக் குடு."

"அதெல்லாம் எடுபடாதுக்கா."

அவள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். "சரி. நான் பார்க்காம கிழிச்சதாலதானே இவ்வளவும்" என்றாள்.

அந்த நோட்டை அங்கே போட்டது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஹெட் கிளார்க்கிடம் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கே மறுத்துவிடுவாளோ என்று பயம். என் மேலேயே எனக்கு அருவருப்பு வருவதற்கு அந்த முறம் ஒன்றே போதும்.

மனுவைத் தென்னூரில் ஒரு டைப் அடிக்கிற கடையில் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். முதல்வர் தன் குறிப்போடு மேலே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து மூன்று பேர் கொண்ட குழு எங்கள் கல்லூரிக்கே விசாரணைக்கு வந்தது. அக்கா தன்னிடம் இருந்ததில் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது ஹெட் கிளார்க்கின் யோசனை இல்லை, அவளுடையது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. வழி நெடுகக் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டு வருகிறவள் அவள்.

எங்களை உள்ளே கூப்பிட்டபோது அந்த மூன்று பேரும் டிபனை முடிக்கிற நேரம். மேஜையில் வடை வந்த பொட்டலம் பிரிந்து கிடந்தது, சட்னி வாழையிலையில் வழிந்திருந்தது. தலைவர் பல்லிடுக்கில் சிக்கிய எதையோ குண்டூசியால் எடுத்துக்கொண்டிருந்தார். குண்டூசி, என் பைலில் இருந்து எடுத்தது. என்னை உட்காரச் சொன்னார்கள். அக்காவை யாரும் சொல்லவில்லை. ஹெட் கிளார்க் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மஞ்சள் கறையோடு அந்த நோட்டுத் தாளை அக்காவிடம் நீட்டினார்கள்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"தெரியாதுங்க."

"தமிழா, இங்கிலீஷா?"

"தெரியாதுங்க."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த வடைப் பொட்டலத்துக் காகிதத்தை எடுத்தார். தமிழ் தினசரி. எண்ணெய் ஊறிப்போய் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. "இதப் படிம்மா பார்ப்போம்" என்று அதை நீட்டினார்.

எழுத்தைக் கண்டால் அக்காவின் கண் தானாக ஓடும். இருபது வருஷமாக ஓடுகிற கண். அதை எப்படி நிறுத்துவாள்? அவள் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கும்போதே திருப்பிவிட்டாள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அசையாமல், கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். காகிதத்திலிருந்து எண்ணெய் அவள் விரலுக்கு இறங்கியது.

"என்னம்மா, தலைகீழாப் புடிச்சிருக்கே!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஹெட் கிளார்க் அண்ணாந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். பயத்தில் வந்த சிரிப்பு என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என்ன சிரிப்பாக இருந்தால் என்ன, பல் தெரிந்தது. அக்கா நிமிர்ந்து அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பாவம், இந்த மாதிரி வீட்லேர்ந்து வந்து ஒருத்தன் பி.எஸ்ஸி. படிக்கிறதே பெருசு" என்றார் தலைவர். "என் எதிர்லயே ஒரு தடவை கைநாட்டு வைக்கச் சொல்லுங்க. ரெக்கார்டுக்கு."

ஹெட் கிளார்க் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தார். அக்காவின் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்து அவரே உருட்டினார். "அழுத்தாதம்மா, தளர்த்தி விடு" என்றார். அவள் தளர்த்தி விட்டாள். முடிந்ததும் விரலைத் துடைக்க அவளுக்கு யாரும் எதுவும் தரவில்லை. எழுதத் தெரியாத பெண்கள் மையைத் தலைமுடியில் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, அப்படியே துடைத்துக்கொண்டாள். அதையும் நன்றாகவே செய்தாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஒன்றாம் நம்பர் வந்து எதிரிலேயே நின்றது. போர்டில் பெரிதாக ஸ்ரீரங்கம் என்று எழுதியிருந்தது. அக்கா பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "இது சீரங்கம் போகுங்களா?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, இனிமே எங்கயும் கையெழுத்துப் போடக் கூடாதா?"

"கொஞ்ச நாளைக்கு வேணாம்க்கா. யாராவது விசாரிச்சா வம்பு. பட்டம் கைக்கு வரட்டும்."

"கடுதாசி படிச்சுச் சொல்றது?"

"அதுவும் வேணாம்."

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. கல்வியறிவற்ற குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, கருணை அடிப்படையில் நீக்கம் ரத்து. அடுத்த வருஷம் பரீட்சை எழுதலாம். ஹெட் கிளார்க் என் முதுகில் தட்டி, "சொன்னேன்ல?" என்றார். அக்காவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். கல்வியறிவற்ற என்கிற வார்த்தையை விட்டுவிட்டுப் படித்தேன். அவள் கோயிலுக்குப் போனாள். அடுத்த வருஷம் பரீட்சைக்கு மஞ்சளை அவள் காகிதத்தில் மடிக்கவில்லை, என் நெற்றியிலேயே இட்டு அனுப்பினாள்.

கடிதத்தோடு வந்த பெண்களிடம், "கண்ணு மங்கலாயிடுச்சு, எழுத்து சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டாள். முதலில் ஐயோ பாவம் என்றார்கள். அப்புறம் இரண்டாவது குடித்தனத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பிடித்துக்கொண்டார்கள். தபால்காரர் வந்தால் அக்கா உள்ளே போய்விடுவாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பரீட்சை எழுதினேன், இரண்டாம் வகுப்பில் தேறினேன், பட்டம் வாங்கினேன், வேறொரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் கிடைத்து மன்னார்புரத்தில் அறை எடுத்துக்கொண்டு போனேன். பட்டமளிப்பு அங்கியோடு போட்டோ எடுத்து, கண்ணாடி போட்டு, அக்கா வீட்டுச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். பட்டம் வந்துவிட்டது, இனி கையெழுத்துப் போடலாம் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறந்துவிட்டேன். வேறு வார்த்தை தேடினால் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் போயிருக்கும். விசாரணை நடந்த வருஷம் தொட்டிலில் கிடந்த அக்காவின் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அத்தானுக்கு மண்டியில் லீவு கிடைக்கவில்லை, நான் கூடப் போனேன். ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆசிரியை பெஞ்சில் எங்களை உட்கார வைத்து, குழந்தையைக் கேள்வி கேட்டாள். குழந்தை கரும்பலகையில் அ முதல் ஃ வரை எழுதிக் காட்டியது. பிறகு தன் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் கீழே ஒரு கோடு இழுத்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், அக்கா அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஆசிரியை சந்தோஷத்தோடு விண்ணப்பத்தை அக்கா பக்கம் தள்ளினாள். "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

அக்கா பேனாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போடலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஏற்கெனவே மூன்று வருஷம் தாமதம், என்றாலும் போதும். அந்த ஆசிரியையின் கணவர் எந்த ஆபீஸில் இருக்கிறாரோ, இந்த விண்ணப்பம் எங்கெல்லாம் போகுமோ என்று ஒரு நொடி என் புத்தி கணக்குப் போட்டது. நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

அக்கா இடது கட்டைவிரலைச் சேலையில் துடைத்து நீட்டினாள். "எனக்குத் தெரியாதுங்க. மை இருந்தா குடுங்க."

குழந்தை எழுந்து நின்றுவிட்டது. "டீச்சர், அம்மாவுக்கு எழுதத் தெரியும்! எனக்கு எல்லாம் அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க!"

ஆசிரியை அக்காவைப் பார்த்தாள். அக்கா, "இல்லீங்க, சும்மா சொல்லுது" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாளே பொய் சொல்லலாமா? தப்பு இல்ல? கன்னத்துல போட்டுக்கோ" என்றாள் ஆசிரியை.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அது இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது.

மைப் பெட்டியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "சரி, மாமாவே கார்டியன்னு போட்டுடட்டும்" என்று ஆசிரியை விண்ணப்பத்தை என்னிடம் திருப்பினாள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில், கைப்பழக்கத்தில், பி.எஸ்ஸி. என்றும் போட்டேன்.